கடித்த கம்பளம்

கம்பளம் கடித்துவிட்டது என்று ஹாஜி ஷிஹாத்தா சொன்னபோது, கம்பளம் என்பது யாருடைய நாயின் பெயரோ என்றுதான் ஸக்லூல் முதலில் நினைத்தான்.

"ஊசி போட்டாச்சா ஹாஜி?" என்று அக்கறையாகக் கேட்டான்.

"யாருக்கு?"

"கடிபட்டவங்களுக்கு."

"அடேய், நாய் இல்லடா! கம்பளம். இதோ கிடக்கு பாரு, இந்தக் கம்பளம்!"

பிரமிடுகளுக்குப் போகும் பெரிய சாலையில், சுற்றுலாப் பேருந்துகள் தவறாமல் நின்று போகும் கடை அது. நடுக்கூடத்தில் விரித்திருந்த கம்பளத்துக்குள் ஒரு கிராமமே இருந்தது. பேரீச்ச மரங்கள், வரிசையாக வாத்துகள், தலையில் குடத்தோடு ஒருத்தி, மேல் மூலையில் மஞ்சள் மசேலென்று ஒரு பெரிய சூரியன். ஓரத்தில் தைத்திருந்த சீட்டில், 'குழந்தைகளின் கை படாதது' என்று நாலு மொழியில் அச்சடித்திருந்தது.

ஹாஜி சட்டைப்பையிலிருந்து மோதிரப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். பஞ்சின் மேல் ஒரு பல். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது.

"ஜெர்மனியில என் கம்பளத்தையெல்லாம் வாங்கி விக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. இதை ஆசையா அவங்க வீட்டுலயே விரிச்சு, வெறுங்கால்ல நடந்திருக்காங்க. சுருக்குன்னு குத்தியிருக்கு. விரலை விட்டுத் துழாவினா இது! அவங்க வீட்டுக்காரர் என்ன தொழில் தெரியுமா? பல் டாக்டர்! உலகத்துல எத்தனை கோடி வீடு இருக்கு? ஒரு பல் டாக்டர் வீட்டுலயா போய் இது விழணும்? மேல்வரிசை முன்பல், பால்பல், ஏழெட்டு வயசுக் குழந்தையோடதுன்னு பாத்த உடனே சொல்லிட்டாராம் மனுஷன். கம்பளமும் பல்லும் சேந்து எனக்கே திரும்பி வந்துடுச்சு."

"சீட்டுல பொய் இல்ல ஹாஜி," என்றான் ஸக்லூல். "கை படலையே. பல்லுதானே பட்டிருக்கு?"

"வாயை மூடு," என்றாள் இன்ஷிராஹ், அன்பாகத்தான்.

ஐம்பதைத் தாண்டிய துப்பறியும் பெண்மணி. கைப்பை நிறைய வறுத்த பூசணி விதை. இருபது வருஷமாகப் பிறர் மனைவிகளுக்காகப் பிறர் கணவன்களைப் பின்தொடர்ந்தவள். அவளைக் கண்டால் கீஸா நகரத்துக் கணவன்மாரில் பாதிப் பேர், தப்பே செய்யாவிட்டாலும், தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஸக்லூல் அவளுக்குக் காரோட்டி, உதவியாளன், இன்னும் சம்பளத்தில் சேராத பல பதவிகள்.

"எல்லாம் எதிர்க்கடைக்காரன் வேலை மேடம்," என்று ஹாஜி குரலைத் தாழ்த்தினார். "ஆளை விட்டுப் பல்லைச் சொருகியிருக்கான். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு நேரா தனக்கே போன்ல சொல்லணும், இல்லைன்னா இனிமே என்கிட்ட ஒரு பாய்கூட வாங்க மாட்டேன்னுட்டாங்க அந்த ஜெர்மன் அம்மா. நம்பர் தர்றேன். உங்களைத்தான் நம்பியிருக்கேன். நம்ம பட்டறையில நெய்யறவங்க அத்தனை பேரும் வளர்ந்த பொம்பளைங்க. பல்லை வெச்சது யாருன்னு பேரு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க."

இன்ஷிராஹ் முழங்காலிட்டுக் கம்பளத்தின் மூலையைப் புரட்டினாள். "பல்லு எங்க இருந்துச்சு?"

"சூரியன்ல. நட்ட நடுவுல."

பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தவள், விதை ஒன்றைக் கடித்துத் தோலைக் கையில் துப்பிக்கொண்டாள். "வெளியிலேருந்து சொருகினா முடிச்சு கலைஞ்சிருக்கும் ஹாஜி. இங்க முடிச்சையே பல்லைச் சுத்திப் போட்டு, அதுக்கு மேல வரிசை வரிசையா நெய்ஞ்சிருக்காங்க. எதிர்க்கடைக்காரன் இல்ல. பல்லு உங்க தறியிலேருந்தேதான் வந்திருக்கு."

"யாராவது ஒரு அத்தைக்கு லேட்டா பால்பல் விழுந்திருக்கும்," என்றான் ஸக்லூல்.

"நாங்க பட்டறைக்குப் போறோம். வர்றோம்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" ஹாஜி நெஞ்சில் கை வைத்தார்.

பட்டறை இருந்த கஃப்ர் ஷலான் கிராமத்துக்குக் கால்வாயை ஒட்டியே சாலை. ஸக்லூல் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் அவரைக்காய் மசியல் ரொட்டியையும் பிடித்தபடி ஓட்டினான்.

"மேடம், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. சின்னப் பசங்க வேலை செஞ்சா என்ன குடி முழுகிடும்? நான் எட்டு வயசுல மினிபஸ் கதவுல தொங்கிக்கிட்டு 'கீஸா, கீஸா, ஒரே ஒரு ஆளு'ன்னு கத்தினவன். கெட்டா போயிட்டேன்?"

இன்ஷிராஹ் அவனை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்படிப் பாக்காதீங்க மேடம். ரோடு கோணுது."

"நான் பதிலே சொல்லலையே."

"அதான் மேடம் வலிக்குது."

பட்டறை வாசலிலேயே மேஸ்திரி தர்பாலா கைகளை விரித்துக்கொண்டு நின்றான். முகம் நிறைய வரவேற்பு. உள்ளே நீளமான கூடம். தறிகள் வரிசையாக நிற்க, முன்னால் பெண்கள் பாந்தமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் எல்லாவற்றிலும் பலகை அடித்திருந்தது. குழல்விளக்கு எரிந்தது.

"வெயில் பட்டா சாயம் வெளுத்துடும் மேடம்," என்றான் தர்பாலா, கேட்காமலே.

ஸக்லூலுக்கு அங்கே ஏதோ வேடிக்கையாகப் பட்டது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெஞ்சுகள் தரையிலிருந்து ஒரு சாண்தான் இருந்தன. பெண்கள் எல்லோரும் முழங்காலை மோவாயில் முட்டுக் கொடுத்து, முட்டையிட வந்த கோழிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் காலில் இரண்டு வேறு ஜோடிச் செருப்பு. இன்னொருத்தியின் மணிக்கட்டுவரை பிசைந்த மாவு, இன்னும் காயவே இல்லை.

"இந்தப் பெஞ்சு யார் அளவுக்குச் செஞ்சது?" என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

"தச்சன் குள்ளம் மேடம்."

"சுவத்துல படம்?" இடுப்பு உயரத்துக்குக் கீழே சுவர் முழுக்கக் கரியால் பூனை, கழுதை, மீசை வைத்த தர்பாலா.

"தச்சன் மகன்."

"நல்லா வரைஞ்சிருக்கான்," என்றான் ஸக்லூல். "மீசை அப்படியே இருக்கு."

இன்ஷிராஹ் செருப்பு மாறியவளிடம் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டச் சொன்னாள். அந்தப் பெண் பாவு நூலைப் பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "கூச்சம்," என்றான் தர்பாலா. மாவுக்கைக்காரிக்குப் பொறுக்கவில்லை. எட்டி நூலை வாங்கி, மாவோடு மாவாகச் சடசடவென்று நாலு முடிச்சுப் போட்டுக் கத்தியால் அறுத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள்.

"உங்க பேரு?"

"ஷௌகிய்யா."

"எத்தனை வருஷமா நெய்யறீங்க?"

"ஒம்பது வயசுலேருந்து..."

"இருபது!" என்று கத்தினான் தர்பாலா. "இருபத்தொம்பது வயசுலேருந்து!"

"எனக்கே இப்பத்தான் இருபத்தெட்டு," என்றாள் ஷௌகிய்யா.

கூடத்தில் யாரோ சிரிப்பை முழுங்கினார்கள். தர்பாலா டீ சொல்லி அனுப்பினான். இன்ஷிராஹ் ஸக்லூலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவன் "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் நழுவினான்.

உச்சி வெயில். கிராமத்து நாய்கள்கூடக் கட்டை வண்டிக்கு அடியில் கிடந்தன. பட்டறைக்குப் பின்னால் களிமண்ணில் கட்டிய புறாக்கூண்டுக் கோபுரம் ஒன்று நின்றது. அதன் எதிரே மதில் மேல், அந்தக் கொளுத்தும் வெயிலில், ஐம்பது அறுபது புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாடகை பாக்கிக்கு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பம் மாதிரி அவை கோபுரத்தையே முறைத்துக்கொண்டிருந்தன.

ஸக்லூல் திரும்பி ஓடிவந்தான். "மேடம், ஒரு குடும்ப விஷயம். கொஞ்சம் வர்றீங்களா?"

எகிப்தில் புறாக்குஞ்சுக்கு ஸக்லூல் என்றுதான் பெயர். அந்தப் பெயரால் வாழ்நாள் முழுக்கப் பட்ட கேலிக்கு முதல்முறையாக ஒரு பலன் கிடைத்த பெருமை அவன் முகத்தில் இருந்தது. "என் சொந்தக்காரங்க எல்லாரும் வெயில்ல வெளியில நிக்கிறாங்க. இந்த நேரத்துல எந்தப் புறாவும் வீட்டைவிட்டு வெளிய வராது. உள்ள வேற யாரோ குடி வந்திருக்காங்க."

தர்பாலா குறுக்கே பாய்வதற்குள் இன்ஷிராஹ் கோபுரத்தின் குட்டைக் கதவைத் திறந்துவிட்டாள்.

முதலில் வந்தது ஒரு தும்மல். பிறகு இருட்டில் ஒவ்வொன்றாகக் கண்கள் தெரிந்தன. புறா எச்சத்துக்கும் இறகுகளுக்கும் நடுவில், சுவரோடு சுவராகக் குழந்தைகள். தலையெல்லாம் கம்பளிப் பஞ்சு. பாதிக்குப் பாதி முன்பல் இல்லாதவர்கள்.

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்று ஒருத்தன் பேசினான்.

ஸக்லூல் என்னவோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் நின்ற சிறுமி வெளிச்சத்துக்குக் கையை மறைப்பாகத் தூக்கினாள். விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த கோடுகள். அவன் நகர்ந்து, தன் நிழல் அவள் முகத்தில் விழும்படி நின்றான்.

கம்பளத்தில் பல்லை வைத்தது யார் என்று இன்ஷிராஹ் கேட்கவே இல்லை. கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து பூசணி விதையை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். பல்லு விழுந்தா நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க?"

இதுகூடத் தெரியாத பெரிய மனுஷியா என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். சூரியனைப் பார்த்து எறிய வேண்டும். பழைய பல்லை எடுத்துக்கொண்டு அழகான பல்லாகக் கொடு என்று சூரியனிடம் கேட்க வேண்டும். எறியாவிட்டால் எருமைப்பல்தான் முளைக்கும்.

"எல்லாரும் எறிஞ்சீங்களா?"

"நான் எறியலை," என்றாள் விரலில் கோடுகள் உள்ள சிறுமி. நவ்வாரா என்று பெயர். எட்டு வயது இருக்கும். "எனக்குக் குளிர்காலத்துல விழுந்துச்சு. வர்றப்பவும் இருட்டு, போறப்பவும் இருட்டு. உள்ள ஜன்னலும் இல்ல. எங்க போய்ச் சூரியனைப் பாக்கறது? ஆனா என் தறியில ஒரு சூரியன் வந்துச்சு. நானே நெய்ஞ்சது. அதான் அதுலயே குடுத்துட்டேன். கீழ விழாம ரெண்டு முடிச்சுப் போட்டேன்." உதட்டைத் தூக்கிக் காட்டினாள். புதுப் பல் பாதி முளைத்திருந்தது. "வாங்கிக்கிச்சு, பாத்தீங்களா?"

இன்ஷிராஹ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அதற்குள் தர்பாலாவும் பெண்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஷௌகிய்யா மாவுக்கையோடு நவ்வாராவைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். தாய் மகள் என்று முகமே சொல்லியது.

"என்ன மேடம் பெரிய குத்தம் கண்டுபிடிச்சிட்டீங்க?" என்று தர்பாலா எகிறினான். "சின்ன விரல்தான் நுணுக்க முடிச்சு போடும். தொழில் அப்படி. பெரியவங்க விரல் தடிச்சது, நுழையாது."

"பொய் சொல்லாதே!" ஷௌகிய்யாவின் குரலில் புறாக்கள் எழும்பி உட்கார்ந்தன. "பதினாறு வயசுல என்னை நிறுத்தினியே, விரல் தடிச்சதாலயா? பெரியவங்க கூலி கேட்டேன், அதனால நிறுத்தினே. இப்ப உள்ள முடிச்சுப் போட்டேனே, நுழையலையா?"

தர்பாலா புறாக்களைப் பார்த்தான். அவையும் அவனுக்கு உதவவில்லை.

"இதைத்தான் நான் கேட்கணும்னு இருந்தேன்," என்றாள் இன்ஷிராஹ்.

ஷௌகிய்யா அவள் பக்கம் திரும்பினாள். கோபம் அப்படியே கூடத் திரும்பியது. "நீங்க மட்டும் என்ன ஒழுங்கு? எழுதிக் குடுப்பீங்க, பட்டறையை மூடுவாங்க, நீங்க கார்ல ஏறிப் போயிடுவீங்க. இவளோட அப்பா கால் ஒடிஞ்சு படுத்திருக்காரு. நாளைக்கே லாரி வரும். இதே பசங்களைப் பருத்திக் காட்டுக்குப் புழுப் பொறுக்க அள்ளிட்டுப் போகும். மருந்தடிச்ச செடிக்குள்ள முழுநாளும் குனிஞ்சிக்கிட்டு நிக்கணும். இங்கயாவது நிழல் இருக்கு. இவளை இங்க அனுப்பறப்ப நான் சிரிச்சிக்கிட்டா அனுப்பினேன்?"

இன்ஷிராஹ் உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். மினிபஸ் கதவில் தொங்கிய தன் கதையை மறுபடி எடுத்துவிட இதுதான் சமயம் என்று ஸக்லூலுக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கதையில் வீட்டில் யார் என்ன சொல்லி அவனை அனுப்பினார்கள் என்ற பகுதி மட்டும் எப்போதும் இருந்ததில்லை. அவன் சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தேடினான்.

"பெரியவங்க கூலிக்கு நீங்க நெய்வீங்களா?" என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

"நெய்வேன். யார் குடுப்பா?"

"கேட்டுப் பாக்கலாம், வாங்க. கைகூடக் கழுவ வேண்டாம், அப்படியே வாங்க."

பழைய காரில் முன்னால் இன்ஷிராஹ், பின்னால் ஐந்து பெண்கள், மடியில் நவ்வாரா. காரின் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டே வந்தது. "கீஸா, கீஸா! ஒரே ஒரு ஆளு!" என்று ஸக்லூல் பழக்கதோஷத்தில் கத்தினான்.

ஹாஜியின் கடையில் அப்போதுதான் ஒரு பேருந்து வந்து நின்றிருந்தது. வாசலருகே வேடிக்கைக்காக வைத்திருந்த தறியில் ஷௌகிய்யாவும் இரண்டு பேரும் போய் உட்கார்ந்து, அனுமதி கேட்காமலே நெய்ய ஆரம்பித்தார்கள். பயணிகள் சூழ்ந்துகொண்டு படமெடுத்தார்கள்.

ஹாஜி இன்ஷிராஹ்வைக் கணக்கறைக்குள் இழுத்துப் போனார். கதவு பாதி திறந்தே இருந்தது. ஸக்லூல் அதில் சாய்ந்து நின்றான்.

"பேரு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. அதுக்கு முன்னால ஒண்ணு. நாங்க பட்டறைக்கு வர்றது மூணே பேருக்குத்தான் தெரியும். எனக்கு, இவனுக்கு, உங்களுக்கு. இவன் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தான். ஓட்டாதப்ப தின்னுக்கிட்டிருந்தான். அப்ப நாங்க போறதுக்குள்ள அந்தப் பொம்பளைங்களை மாவு பிசையறப்பவே இழுத்துட்டு வந்து பெஞ்சுல உட்கார வெச்சது யார் போன்?"

ஹாஜி கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். பிறகு, பொய் சொல்லிக் களைத்தவர் மாதிரி, சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். "சரி மேடம். நமக்குள்ள என்ன? குழந்தைங்கதான் நெய்யுது. எனக்குத் தெரியும், இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்கவா உங்களைக் கூப்பிட்டேன்? பல்லை வெச்ச கழுதை எதுன்னு தர்பாலாவுக்குக் கண்டுபிடிக்கத் தெரியலை. நீங்க வீட்டுக்காரனுங்களையே பிடிக்கிறவங்க, உங்களுக்குத் தெரியும்னு கூப்பிட்டேன். அந்த ஒண்ணை மட்டும் வெளிய அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது. ஜெர்மன் அம்மாகிட்ட எதிர்க்கடைக்காரன்னு சொல்லிடுங்க."

ஸக்லூலுக்குக் காது சூடாயிற்று. காலையிலிருந்து இவர்கள் ஓடியது குற்றவாளியைத் தேடி அல்ல. எட்டு வயதுப் பெண்ணை வேட்டையாட இவர்களை நாயாகப் பிடித்து விட்டிருக்கிறார் இந்த மனுஷர்.

"ஊசி போட்டாச்சான்னு காலையில சரியாத்தான் கேட்டேன்," என்றான் அவன்.

இன்ஷிராஹ் ஏற்கெனவே போனில் எண்ணை அழுத்திவிட்டிருந்தாள். ஒலிபெருக்கியில் மணியடித்தது. அந்த ஜெர்மன் அம்மாள் கெய்ரோவில் பல வருஷம் இருந்தவள். ஹாஜியைவிடச் சுத்தமாக அரபி பேசினாள்.

"விசாரிச்சிட்டேன் அம்மா," என்றாள் இன்ஷிராஹ். "பல்லு எட்டு வயசுப் பொண்ணோடது. அவதான் அந்தச் சூரியனை நெய்ஞ்சா. இன்னும் நிறையப் பசங்க இருக்காங்க."

ஹாஜி நாற்காலியில் உட்கார்ந்தார். மறுமுனையில் குரல் உடனே உயர்ந்தது. "அப்ப இதோட முடிஞ்சது. இனிமே ஒரு கம்பளமும் நான் வாங்க மாட்டேன்."

"அந்தப் போனை இங்க குடுங்க!" தறியிலிருந்து எழுந்து வந்த ஷௌகிய்யா ஸக்லூலை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். "அம்மா, நான் அந்தப் பொண்ணோட தாய். நீங்க வாங்கறதை நிறுத்தினா உங்க காலுக்கு நல்லது. என் பொண்ணுக்கு இல்ல, அவ பருத்திக் காட்டுக்குப் போயிடுவா. நாங்க நெய்யறோம், பெரியவங்க. எங்க கூலிக்குத் தக்க விலை குடுங்க. நம்பிக்கை இல்லைன்னா வந்து தறி முன்னால நின்னு பாருங்க. வர்றப்ப யார்கிட்டயும் சொல்லாம வாங்க."

பின்னணியில் ஓர் ஆண்குரல் ஜெர்மனில் என்னவோ சொன்னது. பல் டாக்டராக இருக்கும்.

"வர்றேன்," என்றது போன். "ஹாஜி அங்க இருக்காரா? அவர் ஒத்துக்கறாரா?"

எல்லோரும் ஹாஜியைப் பார்த்தார்கள். வெளியே பயணிகள் தறிப் பெண்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாஜி சிரித்தார். பல் பிடுங்கும்போது சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"தலை மேல வெச்சு ஒத்துக்கறேன்," என்றார்.

திரும்பி வரும்போது ஸக்லூல் மெதுவாகக் கேட்டான். "மேடம், நாம பண்ணினது மிரட்டல்தானே?"

"சேச்சே. உண்மையைச் சொன்னோம். அவர் பயந்தது அவர் இஷ்டம்." விதையைக் கடித்தவள் சற்றுக் கழித்துச் சொன்னாள். "பக்கத்துக் கிராமத்துல எத்தனை பட்டறை இருக்குன்னு கேக்காதே. எனக்கும் தெரியும்."

மறுவாரம் நவ்வாராவைப் பள்ளிக்கூடத்தில் விடும் வேலை ஸக்லூல் தலையில் விழுந்தது. அவள் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"என் வேலையை அம்மாகிட்ட குடுத்துட்டீங்க. அம்மாவுக்கு வாத்துகூட ஒழுங்கா வராது. எல்லாம் கோழி மாதிரி இருக்கு."

"வாத்து கோழியானா ஆகட்டும். நீ படி."

"பள்ளிக்கூடத்துல என்ன வேலை குடுப்பாங்க?"

"வேலையே இல்ல. சும்மா உட்கார்ந்து கேட்டா போதும்."

நவ்வாரா அவனைப் பொய்யனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சும்மா உட்கார்ந்தா அடிப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

"அடிக்க மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க போயிருக்கீங்களா?"

ஸக்லூல் காரை நிறுத்தினான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். வகுப்பு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்றால் அவள் கையை விடவில்லை.

வாத்தியார் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினார். இரண்டாவது பெஞ்சில் புதிதாக ஒரு சிறுமி. அவளுக்குப் பக்கத்தில், முழங்கால் மோவாயில் முட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மீசைக்காரன்.

"நீங்க யாரு?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஸக்லூல் எழுந்து நிற்க முயன்று, பெஞ்சில் மாட்டிக்கொண்டு, பாதி எழுந்தபடியே நின்றான்.

"பேரு ஸக்லூல்," என்றான். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு சார்."